வேண்டாத புரதம் தந்த விடை

மனிதனின் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்தில் சேர்கிறது. ஒன்றிரண்டு லிட்டர் மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது. உயிரணுவைச் சூழ்ந்துள்ள சவ்வு பெரும்பாலும் கொழுப்பாலானது. கொழுப்பும் நீரும் எளிதில் கலப்பதில்லை. அப்படியிருக்க, இவ்வளவு நீர் எவ்வாறு சவ்வை விரைந்து கடக்கிறது? சவ்வில் நீருக்கென்று தனி வாயில் இருக்க வேண்டும் என்று அறிவியலாளர் சிலர் கருதினர். சிவப்பணுக்களுடன் பாதரச உப்பைச் சேர்த்தபோது நீரோட்டம் குறைந்தது அவர்களின் கருத்துக்கு வலுவூட்டியது. ஆயினும், அந்த வாயிலை யாரும் கண்டறியவில்லை.

1980களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் அக்ரே என்ற மருத்துவர் ஆர்எச் இரத்த வகைப் புரதத்தை ஆராய்ந்து வந்தார். சிவப்பணுச் சவ்விலிருந்து அதைப் பிரித்தெடுத்தபோது, மற்றொரு சிறிய புரதமும் உடன் வந்தது. அது ஆர்எச் புரதத்தின் சிதைந்த துண்டாக இருக்கலாம் என்று முதலில் எண்ணப்பட்டது. பின்னர், அது தனிப் புரதம் என்பது தெளிவாயிற்று. ஒரு சிவப்பணுவில் ஏறத்தாழ 2 இலட்சம் என்ற அளவில் அது நிறைந்திருந்தது, சிறுநீரகத்திலும் காணப்பட்டது. வழக்கமான சாயம் அதன்மீது நன்கு படியாததால், அதுவரை அது பிறர் கண்ணில் படவில்லை.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை போன்றது. அம்மாலையின் ஒரு முனையிலிருந்து மணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவதுபோல, ஆய்வாளர்கள் அமினோ அமிலங்களின் வரிசையைப் படித்தனர். முனைப்பகுதியின் வரிசையை வைத்து, 1991இல் அப்புரதத்திற்குரிய மரபணுச் செய்தியைக் கண்டுபிடித்தனர். அதில் 807 எழுத்துகள் இருந்தன. மூன்று எழுத்துகள் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் என்பதால், புரதத்தில் 269 அமினோ அமிலங்கள் உள்ளன என்பது தெரிந்தது.

அடுத்து, அவ்வரிசை முன்பே அறியப்பட்ட புரதங்களின் வரிசைகளோடு ஒப்பிடப்பட்டது. மாட்டின் கண்வில்லையில் உள்ள புரதத்தோடு அது பெரிதும் ஒத்திருந்தது. தாவரங்களிலும் பாக்டீரியாக்களிலும் உள்ள சில புரதங்களும் அதன் உறவினர்களாக இருந்தன. எனினும், அவற்றுள் பலவற்றின் பணி அப்போது தெளிவாகத் தெரியவில்லை. குடும்பம் தெரிந்தது, தொழில் தெரியவில்லை. சிவப்பணு, சிறுநீரகம், தாவரம் ஆகிய அனைத்திலும் நீர் விரைந்து செல்கிறது. எனவே, இதுவே அந்த நீர்வாயிலாக இருக்கலாமோ என்ற கேள்வி எழுந்தது.

ஒற்றுமை ஒரு தடயம் மட்டுமே, அது சான்றாகாது. ஆகவே, அக்ரேயின் குழுவினர் ஒரு சோதனை செய்தனர். தவளை முட்டைக்குள் நீர் எளிதில் புகாது. சில முட்டைகளில் இப்புரதத்தை உருவாக்கும் செய்தியைச் செலுத்தினர். மற்றவற்றை அவ்வாறு செய்யாமல் விட்டனர். பிறகு, இருவகை முட்டைகளையும் உப்புச் செறிவு குறைந்த நீர்மத்தில் இட்டனர். புரதம் உருவான முட்டைகள் சில நிமிடங்களில் உப்பி வெடித்தன. மற்றவை பெரும் மாற்றமின்றி இருந்தன. பாதரச உப்பு சேர்த்தபோது, நீர் புகும் வேகம் குறைந்தது. பழைய ஐயத்திற்கு 1992இல் விடை கிடைத்தது.

அப்புரதம் ‘அக்குவாபோரின்’ எனப் பெயர் பெற்றது. ‘நீர்த்துளை’ என்பது அதன் பொருள். சிறுநீரகத்தில் உள்ள இதன் உறவுப் புரதம் ஒன்று பழுதடைந்தால், உடல் நீரைத் தக்கவைக்க இயலாமல் தவிக்கும். கண்வில்லையின் புரதம் பழுதடைந்தால் கண்புரை தோன்றலாம். 2003ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசின் ஒரு பங்கு அக்ரேக்கு வழங்கப்பட்டது. வேண்டாத கலப்படம் என்று கழித்துவிடாமல், ‘இது என்ன?’ என்று கேட்டதே அக்கண்டுபிடிப்பின் தொடக்கம்.

சிந்தித்து விடை எழுதுக

1. புதிய புரதம் நெடுங்காலம் கவனிக்கப்படாததற்குக் காரணம் என்ன?
2. ‘குடும்பம் தெரிந்தது, தொழில் தெரியவில்லை’ என்பதை விளக்குக.
3. சில முட்டைகளில் செய்தியைச் செலுத்தாமல் விட்டது ஏன்?