கேள்வியும் ஓர் அளவுகருவியே!

ஒரு சிறு குப்பியில் கொஞ்சம் வெந்நீர் இருக்கிறது. அதன் வெப்பநிலையை அறியப் பெரிய வெப்பமானி ஒன்றை உள்ளே வைக்கிறோம். வெப்பமானி நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் நீர் சற்றுக் குளிர்ந்துவிடுகிறது. எனவே நாம் காண்பது நீரின் பழைய வெப்பநிலை அன்று. கருவி மாற்றிவிட்ட வெப்பநிலை. அளக்கும் கருவி, அளக்கப்படும் பொருளைக் கூடியவரை குலைக்கக் கூடாது. இது இயற்பியலில் நாம் கற்கும் முதற்பாடங்களுள் ஒன்று.

காவல் நிலையத்தில் ஒருவரிடம் கேட்கப்படும் கேள்வியும் இத்தகைய கருவியே. அது அளக்க முயல்வது மனித நினைவை.

சொல் மாறினால் நினைவும் மாறும்

1974-இல் அமெரிக்க உளவியலார் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் இருவரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டி, கார்களின் வேகத்தைக் கேட்டனர். "கார்கள் மோதி நொறுங்கியபோது" என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்குச் சுமார் 66 கிலோமீட்டர் என்றனர். "ஒன்றையொன்று தொட்டபோது" என்று கேட்கப்பட்டவர்களோ சுமார் 51 கிலோமீட்டர் என்றனர். படம் ஒன்றுதான், மாறியது ஒரு சொல் மட்டுமே!

இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று வினவினர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஆயினும் "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் "பார்த்தோம்" என்றனர்.

மூவகைக் கேள்விகள்

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்தில் ஒரு பட்டறையிலிருந்து சின்ன வெங்காய மூட்டைகள் களவு போயின என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மேல் ஐயம். அவரிடம் எப்படிக் கேட்கலாம்?

"நேற்று மாலையிலிருந்து நடந்ததையெல்லாம் சொல்லுங்கள்." இது திறந்த கேள்வி. விடை முழுவதும் அவருடைய நினைவிலிருந்தே வர வேண்டும்.

"அப்போது உங்களுடன் யார் இருந்தார்கள்?" இது துருவும் கேள்வி. அவர் சொன்னதை மேலும் தெளிவாக்கும்.

"கிழிந்த மூட்டையை நீதானே மினி லாரியில் ஏற்றினாய்?" இது விடையை ஊட்டும் கேள்வி. மூட்டை கிழிந்தது, மினி லாரி வந்தது ஆகிய செய்திகளைக் கேட்பவரே கொடுத்துவிட்டார். பிறகு அவர் "ஆம், கிழிந்த மூட்டைதான்" என்று ஒப்புக்கொண்டால், அது அவருக்கு முன்பே தெரிந்ததா, இங்கே கேட்டு அறிந்ததா என்று எப்படிப் பிரிப்பது?

அடி உதவுமா?

"அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பார்கள். ஆனால் வலி தாங்காமல் குற்றவாளியும் "ஆம்" என்பான். குற்றமற்றவனும் "ஆம்" என்பான். வெந்நீரிலும் தண்ணீரிலும் ஒரே அளவைக் காட்டும் வெப்பமானியால் என்ன பயன்?

1993 மார்ச்சில், விருத்தாசலம் பகுதியிலுள்ள முதனை கிராமத்தைச் சேர்ந்த இராசாக்கண்ணு என்ற ஏழைத் தொழிலாளி, ஒரு நகைத் திருட்டுத் தொடர்பாகக் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே அடித்துத் துன்புறுத்தப்பட்டு இறந்தார். அவர் தப்பி ஓடிவிட்டதாகக் காவலர்கள் கூறினர். ஆனால் அவருடைய உடல் இன்றைய அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டிப் பகுதியில் கிடந்தது. மனைவி பார்வதி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தொடுத்தார். அவருக்காக வழக்கறிஞர் கே. சந்துரு வாதாடினார். காவலர்கள் தண்டிக்கப்பட்டனர், 2006-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அடி உண்மையைக் கொண்டுவரவில்லை. ஓர் உயிரைக் கொண்டுபோயிற்று.

ஒத்துணர்வு என்னும் முறை

ஒத்துணர்வு என்பது குற்றத்தை மன்னிப்பதன்று. எதிரில் இருப்பவர் அஞ்சுகிறாரா, களைத்திருக்கிறாரா, கேள்வி அவருக்குப் புரிந்ததா என்று அவர் நிலையிலிருந்து பார்ப்பது. மரியாதையாக அழைப்பது, குடிக்கத் தண்ணீர் கொடுப்பது, அவருடைய உரிமைகளைச் சொல்வது, இடைமறிக்காமல் கேட்பது ஆகியவை இதில் அடங்கும். அதன்பின் அவர் சொன்னதைச் சான்றுகளோடு ஒப்பிட்டு, முரண்பாட்டுக்கு விளக்கம் கேட்கலாம். இங்கிலாந்தில் 1990-களின் தொடக்கத்தில் காவலர்களுக்கு இத்தகைய முறையில் பயிற்சி தரத் தொடங்கினர்.

2002-இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்றில், தண்டனை பெற்ற குற்றவாளிகளிடமே அவர்கள் விசாரிக்கப்பட்ட விதம் பற்றிக் கேட்கப்பட்டது. மனிதத்தன்மையோடு நடத்தப்பட்டதாக உணர்ந்தவர்களிடையே குற்றத்தை ஒப்புக்கொண்டவர் மிகுதி. அதட்டி அடக்கப்பட்டதாக உணர்ந்தவர்களிடையே மறுத்தவர் மிகுதி. இது ஒரு தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சட்டம் சொல்வது

காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளக் கூடாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் இவ்விதி தொடர்கிறது. ஆனால் அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதைப் பற்றிய பகுதி மட்டும் ஏற்கப்படலாம். நம் சொல் நமக்கே எதிராக வலிந்து பெறப்படலாகாது என்று அரசியலமைப்பின் 20(3) விதி காக்கிறது. இதன்படி, ஒருவரின் இசைவின்றி உண்மை கண்டறியும் மருந்துச் சோதனை செய்யக் கூடாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

செய்து பாருங்கள்

ஒரு படத்தை வகுப்பில் அரை நிமிடம் காட்டி மறைத்துவிடுங்கள். பாதிப் பேரிடம் "என்னென்ன பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். மற்றவர்களிடம், படத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்து, "அந்தச் சிவப்புக் குடை எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேளுங்கள். எத்தனை பேர் அந்தக் குடையைப் 'பார்த்தார்கள்' என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சிந்தியுங்கள்: வகுப்பறையில் அச்சமின்றி இருக்கும்போதே இப்படியென்றால், காவல் நிலையத்தில் தனியாக நிற்பவர் நிலை என்ன?