பேலம் குகை

பட்டான்செருவில் வாழும் நம் அன்பர்கள் சிலர் சென்ற குளிர்காலத்தில் இளைஞர்களை அழைத்துக்கொண்டு தெற்கே பயணமாயினர். யானும் உடன் சென்றேன். பெண்ணையாற்றின் செங்குத்தான கரைமீதுள்ள கண்டிக்கோட்டையில் கூடாரமடித்து இரவைக் கழித்து, மறுநாள் நந்தியால் மாவட்டத்துப் பேலம் குகையை அடைந்தோம்.

வெளியே பெரியதொரு புத்தர் சிலை அமைந்துள்ளது. குகைக்கோ மலைமுகம் இல்லை. சமநிலத்தில் கிணறுபோல் திறந்த பள்ளத்தின் வழியே இறங்க வேண்டும். ‘பிலம்’ என்னும் சொல்லின் பொருள் அங்கு நன்கு விளங்கும். 1884-இல் இதனைக் குறித்தவர் இராபர்ட் புரூஸ் பூட். சென்னையை அடுத்த பல்லாவரத்தில் 1863-இல் பழைய கற்கருவியைக் கண்டெடுத்த அறிஞர் அவரே. அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுகள் இக்குகையை ஆராய்வார் இல்லை. 1982, 1983 ஆம் ஆண்டுகளில் டேனியல் கெபாவர் என்னும் ஜெர்மானியர் தம் குழுவினருடன் வந்து அளந்தார். மொத்த நீளம் 3,229 மீட்டர். 2002-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து காணலாம். உள்ளே புழுக்கம் மிகுதி.

பௌத்த, சமணத் துறவியர் பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்குத் தங்கியிருந்தனர். விநயம் பிக்குகளுக்கு இசைந்த ஐவகை உறையுள்களுள் குகையும் ஒன்று. அஜந்தாவைப்போல் உளியால் குடைந்த விகாரையன்று இது, நீர் குடைந்தது.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பாறையின் பிளவுகளில் இறங்கிக் கல்லைக் கரைக்கிறது. குகையின் கூரையில் துளியாக நிற்கும்போது வாயு பிரிகிறது. கரைந்திருந்த சுண்ணம் சிறிது அங்கே படிகிறது. அவ்வாறு தொங்குவதே கல்விழுது. அதன் வளர்ச்சி பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. மழை குறைந்தாலும், மேலுள்ள மண் மாறினாலும், கூரைப் பிளவு அடைபட்டாலும் அதுவும் நின்றுவிடும். காரணங்கள் கூடினால் தோன்றி, நீங்கினால் ஒழிவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இங்குள்ள கல்விழுதுகள் சில, தட்டினால் உலோகம்போல் ஒலிக்கும். அதனைக் கேள்வியுற்ற நம் இளைஞர் ஒருவர், பக்கத்திலிருந்த விரல் நீள விழுதொன்றைச் சுண்டினார். அது ஒடிந்து அவர் கையிலேயே விழுந்தது. அவர் முகம் வாடிற்று. அது வளர எழுநூறு ஆண்டுகளேனும் சென்றிருக்கும் என்று யான் சொன்னேன். சொன்ன பின்னரே, முன்னமே சொல்லியிருக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. பிழை அவருடையதன்று. ஒடிப்பது மட்டுமன்று, தொடுவதும் தீது. கையிலுள்ள எண்ணெய்ப்பசை படிந்த இடத்தில் நீர் பழையவாறு பரவாது, சுண்ணமும் படியாது, கறை மட்டும் தங்கும். பிக்குகளுக்கு மண்ணைத் தோண்டுதலும் விலக்கு என்பதை அன்றிரவு கூடாரத்தின் முன் நெடுநேரம் பேசினோம்.

அடுத்த முறை இப்பாடம் முதல்நாள் இரவே நடைபெறும்.