பிளவை மூடும் காற்று!

அறிவியல் பகுதி

நண்பர்களே, உங்கள் பள்ளிப்பையின் ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஜிப் நகர நகர முன்னால் வழி திறக்கிறது, பின்னால் மூடிக்கொள்கிறது. துணிக்கு இது சுலபம். அதே வேலையை ஓர் இரும்புக் குழாய்க்குச் செய்யச் சொன்னால்? அதுவும் காற்று கசியாமல்? இந்தக் கேள்வியில் ஒரு ரயில் பாதையே தோற்றுப் போயிருக்கிறது!

என்ன பிரச்சினை?

மெஷினில் ஒரு பாகம் பெட்டிக்கு உள்ளே இருக்கிறது. அதோடு சேர்ந்த இன்னொரு பாகம் வெளியே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே நகரணும். அப்படியானால் பெட்டியில் நீளமாக ஒரு பிளவு வேண்டும். பட்டறையில் இதை 'ஸ்லாட்' என்பார்கள். சுற்றும் தண்டுக்குப் போடும் ஓட்டை வட்டமானது. ஒரு ரப்பர் வளையம் போட்டால் அடைபட்டுவிடும். ஆனால் பிளவு அப்படியில்லை. பாகம் ஓர் இடத்தில்தான் இருக்கும், பிளவோ முழு நீளத்துக்கும் திறந்து கிடக்கும்.

இஞ்சின் இல்லாத ரயில்

1830-களின் இறுதியில் இங்கிலாந்தில் கிளெக் என்பவரும் சமுதா சகோதரர்களும் ஒரு புது யோசனை சொன்னார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு குழாய். அதற்குள் ஒரு பிஸ்டன். பாதையோரம் இருக்கும் நீராவிப் பம்பு, பிஸ்டனுக்கு முன்னால் உள்ள காற்றை உறிஞ்சிவிடும். பின்னால் இருக்கும் வெளிக்காற்று பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டனிலிருந்து ஓர் இரும்புக் கை பிளவு வழியாக மேலே வந்து ரயிலை இழுக்கும். அவ்வளவுதான், புகையும் இல்லை, கரியும் இல்லை!

பிளவை மூட நீளமான தோல் பட்டை வைத்தார்கள். ஒரு பக்கம் குழாயோடு பிணைத்திருக்கும். மறுபக்கம் தேன்மெழுகும் விலங்குக் கொழுப்பும் கலந்த பசையில் ஒட்டிக்கொள்ளும். கை வரும்போது பட்டை தூக்கிக்கொள்ளும், போனதும் மூடிக்கொள்ளும். நம்ம ஜிப் மாதிரியேதான்.

புரூனல் என்ற புகழ்பெற்ற பொறியாளர் இந்த முறையைத் தெற்கு டெவன் ரயில்வேக்குத் தேர்ந்தெடுத்தார். 1847 செப்டம்பரில் எக்ஸிட்டர் நகரிலிருந்து பயணிகள் ரயில் ஓடியது. மணிக்கு 60 மைலுக்கு மேல் வேகம்கூட எட்டியது. ஆனால் ஓராண்டுதான். 1848 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். அப்படி என்ன ஆச்சு?

கொழுப்பு தடவிய தோலை எலிகள் தின்றதால்தான் என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மையான காரணம் வேறு. தோல் மழையில் ஊறியது, வெயிலில் காய்ந்தது, பனியில் விறைத்தது. இரும்புத் துருவோடு சேர்ந்து கெட்டுப் போனது. காய்ந்து விறைத்த தோல் சரியாகப் படியவில்லை. காற்று உள்ளே புகுந்தது.

ஒரு சின்னக் கணக்கு

இதைப் பேப்பரில் போட்டுப் பாருங்கள்.

குழாயின் விட்டம் 22 அங்குலம், அதாவது சுமார் 56 செ.மீ. அதன் வாயின் பரப்பு சுமார் கால் சதுர மீட்டர். பம்பு நிலையங்கள் ஏறத்தாழ 3 மைலுக்கு, அதாவது சுமார் 5,000 மீட்டருக்கு ஒன்று. தோல் பட்டை 0.1 மி.மீ. மட்டும், ஒரு தலைமுடி அளவு, தூக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

0.0001 மீ. × 5,000 மீ. = 0.5 சதுர மீட்டர்!

அதாவது குழாயின் வாயைப் போல இரண்டு மடங்கு பெரிய ஓட்டை! தலைமுடி அளவு இடுக்குதான். ஆனால் நீளத்தால் பெருக்கும்போது பம்பு எவ்வளவு உறிஞ்சினாலும் போதாது. பிளவு என்பது 'நீளமான ஓட்டை' என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

அடைக்க முடியலைன்னா?

பின்னால் வந்தவர்கள் பல வழிகளைக் கண்டுபிடித்தார்கள்.

1. அழுத்தமே மூடட்டும். பிளவுள்ள சிலிண்டருக்குள் மெல்லிய எஃகுப் பட்டை இருக்கும். உள்ளே இருக்கும் அழுத்தக் காற்றே அந்தப் பட்டையைப் பிளவின் மேல் அழுத்திப் பிடிக்கும். பிஸ்டன் இருக்கும் இடத்தில் மட்டும் பட்டை விலகி வழிவிடும். பேக்கிங் மெஷின்களில் இந்த வகை சிலிண்டர்கள் உண்டு. நீளம் குறைவு என்பதால் கசிவும் குறைவு. விமானந்தாங்கிக் கப்பலில் விமானத்தை இழுத்து வீசும் நீராவிக் கவணும் பிளவுள்ள சிலிண்டர்தான். 1961-ல் நம் கடற்படையில் சேர்ந்த பழைய விக்ராந்த் கப்பலில் அந்தக் கவண் இருந்தது.

2. காற்றடைத்த உதடுகள். பிளவின் இரு பக்கமும் சைக்கிள் டியூப் மாதிரி இரண்டு ரப்பர் குழாய்கள். உள்ளே குறைந்த அழுத்தத்தில் காற்று. இரண்டும் நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நகரும் கை நடுவே புகுந்து போகும். அந்தக் கையின் குறுக்கு வெட்டு ஓடம் மாதிரி இருபுறமும் கூராக இருக்கணும். ஏன் என்று கீழே உள்ள சோதனையில் தெரியும்.

3. கசியட்டும், ஆனால் வெளியே! இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சிஎன்சி மெஷினில் தூரத்தை அளக்க ஒரு கண்ணாடி ஸ்கேல் அலுமினியப் பெட்டிக்குள் இருக்கும். பல ஸ்கேல்களில் 1 மி.மீ.க்குள் 50 கோடுகள்! அதைப் படிக்கும் பாகம், பிளவு வழியாக வரும் ஒரு கையோடு சேர்ந்து நகரும். வெளியே இரும்புத் தூளும் கூலண்ட் தண்ணீரும் தெறிக்கும். பிளவில் ரப்பர் உதடுகள் உண்டு. ஆனாலும் கை இருக்கும் இடத்தில் சிறு இடுக்கு இருக்கும். அதனால் பெட்டிக்குள் சுத்தமான காற்றை மெல்ல அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே அழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் அதிகம். எந்த இடுக்கிலும் காற்று வெளியே போகுமே தவிர அழுக்கு உள்ளே வராது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கம்பிரசரிலிருந்து வரும் காற்றில் எண்ணெயும் ஈரமும் இருந்தால் அதுவே கண்ணாடியில் படியும். காவலுக்கு வந்தவனே திருடின மாதிரி! ஸ்கேல் அழுக்கானால் அளவு தவறும், வெட்டிய பொருள் வீணாகும். எனவே காற்றை வடிகட்டித்தான் அனுப்ப வேண்டும்.

செய்து பாருங்கள்

தேவை: இரண்டு நீள பலூன்கள், ஒரு நீளமான அட்டைப்பெட்டி, பென்சில், தடித்த அட்டை.

பலூன்களை ஊதி, ஒன்றோடொன்று ஒட்டும்படி பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நடுவில் பென்சிலைச் செங்குத்தாகச் செருகி நகர்த்துங்கள். பென்சிலுக்கு முன்னும் பின்னும் முக்கோணமாக இடைவெளி தெரியும். இப்போது அட்டைத் துண்டுகளை ஒட்டி, நடுவில் தடித்து இரு முனையும் மெலிந்த ஓட வடிவம் செய்து செருகுங்கள். இடைவெளி ஏறக்குறைய காணாமல் போகும்! (முனை பலூனில் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

கடைசியாக...

தோல் பட்டை ரயிலில் கசிவு ஒவ்வொன்றும் இழப்பு. கண்ணாடி ஸ்கேலில் அதே கசிவுதான் காவல். கசிவை முழுசா நிறுத்த முடியாத இடத்தில், அது எந்தப் பக்கம் போகணும் என்பதை நாம் முடிவு செய்யலாம்.

சிந்திக்க: மாவு மில்லில் ஒரு பெட்டிக்குள் மாவுத் தூசி பறக்கிறது. பெட்டியில் ஒரு பிளவு. தூசி வேலை செய்பவரின் மூச்சுக்குள் போகக் கூடாது. பெட்டிக்குள் காற்றை ஊத வேண்டுமா, உறிஞ்ச வேண்டுமா? காரணத்தோடு எழுதி ஆசிரியர் மேசையில் வையுங்கள். விடை அடுத்த இதழில்!