முட்டைக் கோழிப் பண்ணை: கேள்வி-பதில்

ஷெட்டு வேலைக்கு வருபவர் படித்தவராக இருப்பது அவசியமா?
– ஒரு வாசகர், ராசிபுரம்

அவசியமில்லை. வெப்பமானியைப் பார்க்கத் தெரிந்தால் போதும். அதையும் ஒரு காலைப் பொழுதில் கற்பித்துவிடலாம்.

குஞ்சு ஷெட்டுக்கும் முட்டைக் கோழி ஷெட்டுக்கும் ஒரே ஆள் போதுமா?
– ஒரு வாசகர், திருச்செங்கோடு

குஞ்சுகளை முதலில் கவனித்துவிட்டுப் பிறகு கோழிகளிடம் போவாரானால் போதும். மாறிப் போவாரானால் இன்னோர் ஆளும் வேண்டும், குஞ்சுகளைப் புதைப்பதற்கு.

தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கொடுத்தும் வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டது. ஆள் சரியில்லை; மாற்றிவிடலாமா?
– ஒரு பண்ணையாளர், மோகனூர்

மாற்றுவதற்கு முன், அவருக்கு நீங்கள் எதைக் கற்பித்தீர்கள் என்பதை நிதானமாக ஆலோசித்துப் பாருங்கள். லசோட்டா தடுப்பு மருந்துப் புட்டியில் இருப்பது உயிருள்ள கிருமி என்றும், டேங்கில் நித்தியம் போடுகிற பிளீச்சிங் பவுடர் கோழியின் தொண்டைக்குப் போகுமுன்பே அதைக் கொன்றுவிடும் என்றும் ஒருநாளும் கேட்டறியாத மனிதர், சுத்தமே பிரதானம் என்று நீங்கள் செய்துவந்த உபதேசத்தைச் சிரமேற்கொண்டு, மருந்து கொடுக்கும் அன்றைக்கும் மறவாமல் பவுடரைப் போட்டிருப்பாரேயானால், குற்றம் யாருடையது? மருந்தைக் கடையிலிருந்து ஐஸில் வைத்துக் கொண்டுவந்தீர்களா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. பயிற்சி வகுப்புக்கு முதலாளி போகிறார், சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டுகிறார். ஒடிசாவிலிருந்து வந்து, விடிவதற்கு முன்பிருந்தே ஷெட்டில் நிற்கிறவருக்கோ கைஜாடைதான் பாடம். அடுத்த முறை, முதல் நாளே பவுடரை நிறுத்தி டேங்கைக் கழுவுவதையும், ஒன்றிரண்டு மணி நேரம் கோழிகளுக்குத் தண்ணீரை நிறுத்துவதையும், கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கலந்த பிறகே மருந்தைச் சேர்ப்பதையும், அவருடைய பாஷை அறிந்த ஒருவரைக் கொண்டு காரணத்தோடு விளக்குங்கள். மருந்தோடு நீலச் சாயம் சேர்த்துக் கொடுத்துவிட்டு, தண்ணீர்க் குழாய் வரிசையின் கடைசி நிப்பிளருகே நாலைந்து கோழிகளின் வாயைத் திறந்து நாக்கு நீலமாயிருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்துவிட்டு அவருக்குச் சொல்வதில் பயனில்லை.

வேலைக்குப் புதிது. பிற்பகலில் கோழிகளெல்லாம் வாயைத் திறந்து இரைக்கின்றன. சொன்னால் முதலாளி கோபிப்பாரோ என்று பயமாயிருக்கிறது, ஐயா.
– ஒரு தொழிலாளி, பரமத்தி

பயப்படாதீர்கள் தம்பி, பார்க்க வேண்டியதைத்தான் பார்த்திருக்கிறீர்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லாமையால், சித்திரை வெயிலில் இரைத்தே உஷ்ணத்தைப் போக்கிக்கொள்கிறது. குழாய்த் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், சூடு தணியும்வரை ஓடவிடுங்கள். உச்சிவேளைத் தீவனத்தை விடியற்காலைக்கும் சாயங்காலத்துக்கும் மாற்றலாமா என்று முதலாளியைக் கேளுங்கள். ஆனால் குளிர்ந்த விடியற்காலையில், ஒன்றிரண்டு கோழிகள் மட்டும் கரகரவென்ற சத்தத்தோடு இரைத்தால் அது வெயிலன்று, நோய். அப்போது அவர் கோபித்தாலும் பாதகமில்லை, எழுப்பிச் சொல்லிவிடுங்கள்.