மயக்க ஊசி: பயப்பட வேண்டிய இடம் வேறு

நாய்க்கோ பூனைக்கோ கருத்தடை ஆபரேஷன் என்றதும், வீட்டுக்காரர்கள் கத்தியைப் பற்றிக் கேட்பதில்லை. "மயக்க ஊசி போட்டா திரும்ப எழுந்திருக்குமா டாக்டர்?" என்றுதான் கேட்கிறார்கள். வாய் பேசாத ஜீவனை நம்பி ஒப்படைக்கிறவர்கள் இப்படிக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் மயக்க ஊசியைச் சுற்றி வளர்ந்துவிட்ட நம்பிக்கைகள் பல, பயப்பட வேண்டிய நேரத்தில் நம்மை அசட்டையாகவும், பயம் தேவையில்லாத நேரத்தில் நடுக்கத்தோடும் வைத்திருக்கின்றன.

"மயக்கம் கொடுத்தாலே உயிருக்கு உத்தரவாதமில்லை"

உத்தரவாதம் எந்த மருந்துக்கும் கிடையாது. ஆனால் ஆபத்து எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை 117 கால்நடை மருத்துவமனைகளில், சுமார் 98,000 நாய்களையும் 79,000 பூனைகளையும் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு நடந்தது. மயக்கமோ தூக்க மருந்தோ கொடுத்த 48 மணி நேரத்துக்குள், அதன் காரணமாக இறந்தவை நாய்களில் 0.17 சதவீதம்; பூனைகளில் 0.24 சதவீதம். ஆரோக்கியமானவற்றை மட்டும் தனியே பிரித்தால் நாய்களில் 0.05, பூனைகளில் 0.11. ஏற்கெனவே நோயுற்றிருந்த நாய்களிலோ 1.33 சதவீதம். ஆரோக்கியமான நாயைவிட இருபது மடங்குக்கும் மேல்.

இது பிரிட்டனின் கணக்கு. ஆக்சிஜன் சிலிண்டர்கூட இல்லாத இடங்களிலும் அறுவை நடக்கும் நம் ஊருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனால் அவை காட்டும் திசை நமக்கும் பொருந்தும். விலங்கு எந்த நிலையில் மேசைக்கு வருகிறது என்பது ஊசியைவிடப் பெரிய விஷயம். ரத்தப் பரிசோதனை கேட்டால் "எதுக்கு வீண் செலவு" என்பவர்களிடமும், கர்ப்பப்பையில் சீழ் கோத்து ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்த நாயைக் கடைசி நாளில் தூக்கி வருகிறவர்களிடமும் இதைத்தான் மன்றாடிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயதும் அப்படித்தான். பத்து வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் யாரும் அறுவையை மறுக்க வேண்டாம். இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

"ஊசி மயக்கம் பழைய முறை; கேஸ்தான் பாதுகாப்பு"

நகரங்களில் இப்போது அதிகம் கேட்கும் பேச்சு இது. பாதி உண்மை. கேஸ் மயக்கம்கூடப் பெரும்பாலும் ஊசியில்தான் தொடங்குகிறது. நரம்பில் பால் நிறத்தில் இருக்கும் புரோபஃபோலை மெல்ல ஏற்றி, விலங்கு அயர்ந்ததும் மூச்சுக்குழாயில் ட்யூப் செருகி, அதன் பிறகே ஐசோஃப்ளூரேன் வாயு. அந்த ஐசோஃப்ளூரேனும் அளவு கூடக்கூட ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளும். கேஸ் முறையின் பலம் அதோடு கூடவே வரும் ஆக்சிஜனிலும், ட்யூபிலும், நிமிடத்துக்கு நிமிடம் அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியிலும் இருக்கிறது.

தெருநாய்க் கருத்தடை முகாம்களில் நிலைமை வேறு. சென்னையில் புளூ கிராஸ் 1964-இலேயே இந்தப் பணியைத் தொடங்கிவிட்டது. மனிதக் கை பட்டே பழகாத நாயின் காலில் நரம்பைத் தேடி ஊசி போடுவது நடக்கிற காரியமல்ல. அங்கே கைகொடுப்பது தசையில் போடக்கூடிய கெட்டமினும் சைலசினும். இரண்டுமே 1962-இல் உருவாக்கப்பட்டவை. ஒன்று அமெரிக்காவில், மற்றது ஜெர்மனியில். கெட்டமினைத் தனியாகக் கொடுத்தால் உடம்பு விறைத்துக்கொள்ளும், சில நேரம் வலிப்புகூட வரும். சைலசின் தசையைத் தளர்த்தி, வலியையும் ஓரளவு குறைக்கும். ஆனால் இதயத் துடிப்பை மந்தமாக்கும், வாந்தியை வரவழைக்கும், பூனைக்கு நிச்சயம் என்றே சொல்லலாம். ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுவதால்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். "ரெண்டு மூணு ஊசி போட்டாங்களே, ஓவர்டோஸா?" என்று பதறுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல மருந்துகளைச் சேர்க்கும்போது ஒவ்வொன்றின் அளவையும் குறைக்க முடிகிறது.

தசையில் போட்ட ஊசிக்கு ஒரு பெரிய குறை உண்டு. உள்ளே போனதைத் திரும்ப எடுக்க முடியாது. சைலசினை முறிக்க யோஹிம்பின், அட்டிபமசோல் என்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன. கெட்டமினுக்கு அப்படி எதுவும் இல்லை. உடம்பே அதைக் கரைத்து வெளியேற்றும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் "ஊசியா, கேஸா?" என்பதைவிட, "நரம்பில் கேனுலா போடுவீர்களா, ஆக்சிஜன் தயாராக இருக்குமா, அறுவை செய்கிறவரைத் தவிர மூச்சையும் நாடியையும் பார்க்க இன்னொருவர் இருப்பாரா?" என்று கேளுங்கள். நாடியையும், நாக்கில் கிளிப் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனையும் கண்காணித்த பூனைகளுக்கு ஆபத்து குறைவாக இருந்ததை அதே பிரிட்டன் ஆய்வு காட்டியது. மூன்றாவது கேள்வியைக் கேட்கத் தயங்கவே வேண்டாம். நல்ல மருத்துவர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கண் திறந்தே இருக்கிறது, மயங்கவில்லை என்று பதறுகிறவர்களும் உண்டு. கெட்டமின் கொடுத்த பூனை கண்ணை மூடாது. எச்சில்கூட விழுங்கும். ஆனாலும் நினைவு இருக்காது. இமைக்காத கண் காய்ந்து புண்ணாகிவிடும் என்பதால் களிம்பு தடவிவிடுவார்கள்.

"முதல் நாளிலிருந்தே பட்டினி போட்டால் நல்லது"

இல்லை. வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்கு 4 முதல் 6 மணி நேரம் போதும் என்கின்றன இன்றைய வழிகாட்டுதல்கள். தண்ணீரை மருத்துவமனைக்குக் கிளம்பும்வரை வைக்கலாம். எட்டு வாரத்துக்கும் குறைந்த குட்டியை ஓரிரு மணி நேரத்துக்கு மேல் பட்டினி போட்டால் ரத்தத்தில் சர்க்கரை சரிந்து, அதுவே உயிருக்கு உலை வைக்கும். முயலுக்குப் பட்டினியே கூடாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது, வயிறு காலியானால் குடலும் நின்றுவிடும்.

இதன் மறுபக்கம்தான் அதிகம் நடக்கிறது. "பாவம், காலையிலிருந்து பாத்துக்கிட்டே இருக்கு" என்று பாட்டி ஒரு பிஸ்கட்டோ, ஒரு கரண்டி தயிர்சாதமோ கொடுத்திருப்பார். மயக்கத்தில் அது வாந்தியாக வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் அழற்சி. கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அறுவையை அடுத்த நாளைக்குத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

"இத்தனை கிலோவுக்கு இத்தனை மில்லி, கணக்கு அவ்வளவுதானே?"

எடை ஒரு தொடக்கம் மட்டுமே. தயோபென்டால் என்ற பழைய மருந்து கிரேஹவுண்டு நாய்களில் மணிக்கணக்காக விலகாமல் நிற்பதைக் கண்டறிந்திருக்கிறார்கள். அந்த மருந்தை வாங்கி வைத்துக்கொள்ள உடம்பில் கொழுப்பு இல்லை. அதை உடைக்கும் கல்லீரலின் வேகமும் குறைவு. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் அதே போல ஒட்டிய வயிறும் ஓடும் உடம்புமாக இருப்பவை. அவற்றுக்கும் இந்த மருந்தைத் தவிர்ப்பதே விவேகம். கோலி இன நாய்கள் பலவற்றில் ஒரு மரபணு மாற்றத்தால் சாதாரணத் தூக்க மருந்துகூட மூளையில் அளவுக்கு மீறித் தங்கிவிடும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஆபத்து மருந்தைவிட மூச்சுப்பாதையில் அதிகம். நன்றாக விழித்து, தானாகவே விழுங்கத் தொடங்கும்வரை ட்யூபை எடுக்கக் கூடாது.

"கண்ணைத் திறந்துடுச்சு, இனி பயமில்லை"

இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை இதுதான். பிரிட்டன் ஆய்வில் இறந்த நாய்களில் கிட்டத்தட்டப் பாதியும், பூனைகளில் 61 சதவீதமும் அறுவை முடிந்த பிறகே இறந்தன. அவற்றிலும் ஏறக்குறையப் பாதி முதல் மூன்று மணி நேரத்தில். தையல் போட்டாயிற்று, எல்லோரும் நிம்மதியாகி அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள், விலங்கு ஒரு மூலையில் கிடக்கிறது. மயக்க மருந்து இன்னும் மூச்சைத் தாழ்த்திக்கொண்டிருக்கும் நேரம் அது. ரோமம் மழித்து, ஸ்பிரிட் துடைத்து, ஸ்டீல் மேசையில் கிடந்த சின்ன உடம்பு நம் ஊர் வெயிலிலும் குளிர்ந்துபோகும். குளிர்ந்த உடம்பு மருந்தை மெதுவாகவே கரைக்கும். விழிப்பு இன்னும் தள்ளிப்போகும்.

அதனால் அவசரமாக ஆட்டோ பிடிக்க வேண்டாம். தலையைத் தூக்கி, நெஞ்சை ஊன்றிப் படுக்கும்வரை அங்கேயே இருந்து பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் தரையில் விரிப்புப் போட்டுப் படுக்க வையுங்கள். கட்டிலும் சோபாவும் பால்கனியும் வேண்டாம். கெட்டமின் இறங்கும் நேரத்தில் பூனை தலையை ஆட்டும், தள்ளாடும், சத்தத்துக்கு மிரளும். வெளிச்சம் குறைந்த அறையில் விட்டுவிட்டால் தானே தெளியும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றாமல் வைக்காதீர்கள்; சூடு தெரிந்து நகர்ந்துகொள்ள அதற்குத் திராணி இருக்காது. தள்ளாடாமல் நிற்கும்வரை தண்ணீரோ பாலோ வாயில் ஊற்றக் கூடாது. ஈறு வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, மூச்சு விட்டு விட்டு வந்தாலோ, நள்ளிரவானாலும் மருத்துவரை அழையுங்கள்.

கடைசியாக வலி. மயக்கம் என்பது வலி நிவாரணம் அல்ல. மயக்கம் தெளிந்ததும் வயிற்றைக் கிழித்துத் தைத்த வலி முழுசாகத் தெரியும். பூனை கத்தாமல் சுருண்டு படுத்திருப்பதை "வலியே இல்ல போல" என்று நினைத்துவிடுகிறார்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் வலி மருந்தைக் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் வந்துவிட்டு, ராத்திரி மனசு கேட்காமல் நம் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பதுதான் பெரும் கேடு. பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலில் மிகவும் குறைவு. ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சு வாங்கத் தொடங்கும். தெரியாமல் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே ஓடுங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு அதைக் காப்பாற்ற வழி உண்டு.