மூத்த ஆசான் லாவோட்சு

'லாவோட்சு' என்னும் சீனச் சொல்லுக்கு 'மூத்த ஆசான்' என்பது பொருள். அஃது இயற்பெயரன்று, மதிப்புக் கருதி வழங்கிய பெயர். சீன மெய்யியலின் பெருநெறிகளுள் ஒன்றாகிய தாவோயிசத்தைத் தோற்றுவித்தவர் என இவரைச் சீன மரபு போற்றுகிறது.

கி.மு. 100ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த வரலாற்றாசிரியர் சிமா சியென் இவரது வாழ்க்கையை எழுதியுள்ளார். அதன்படி, லாவோட்சு சூ நாட்டில் பிறந்தவர். சௌ அரசவையில் ஆவணக் காப்பாளராகப் பணியாற்றியவர். கன்பூசியஸ் இவரை நாடிவந்து அறிவுரை கேட்டார். அரசு நலிவதைக் கண்ட லாவோட்சு பணி துறந்து புறப்பட்டார். எல்லைக் கணவாயைக் காத்த அலுவலர் தமக்காக ஒரு நூல் இயற்றித் தருமாறு வேண்டினார். ஏறத்தாழ 5000 எழுத்துகள் கொண்ட நூலொன்றை எழுதித் தந்துவிட்டு லாவோட்சு அகன்றார். பின்னர் அவர் என்ன ஆனார் என்பதை எவரும் அறியார்.

இவ்வரலாறு முற்றிலும் உண்மையா? சிமா சியெனே ஐயுற்று, லாவோட்சு இவராக இருக்கலாம் என வேறு இருவரையும் சுட்டுகிறார். 'தாவோ தே ஜிங்' எனப்படும் அந்நூல், பலர் கருத்துகள் காலப்போக்கில் தொகுக்கப்பெற்றது என்பர் இன்றைய அறிஞர் பலர். 1993இல் ஹூபெய் மாநிலத்தின் குவோதியென் என்னும் ஊரில், பழங்கல்லறை ஒன்றில் மூங்கிற் சுவடிகள் கிடைத்தன. அவை கி.மு. 300ஆம் ஆண்டளவின. இன்றைய நூலின் 81 இயல்களுள் ஒரு பகுதியே அவற்றில், வேறு வரிசையில் காணப்படுகிறது.

'தாவோ' என்றால் 'வழி'. உலகம் தோன்றவும் இயங்கவும் மூலமாக நிற்பது அது. அதனோடு இயைந்து செயற்படுவதே 'வூ வெய்'. இதனைச் 'செயலின்மை' என மொழிபெயர்ப்பதுண்டு. ஆயினும் அது சோம்பலன்று, இயல்புக்கு மாறாக வலிந்து செய்யாமையே ஆகும். இந்நூல் நீரை உவமையாக்குகிறது. நீர் தாழ்ந்த இடத்தை நாடும். மென்மையானதே எனினும் நாளடைவில் பாறையையும் தேய்க்கும்.

கன்பூசியஸ் வழிவந்தோர் கல்வியாலும் கடமையாலும் சடங்குகளாலும் சமுதாயத்தைச் சீர்படுத்த முயன்றனர். தாவோ நெறியினரோ, விதிகள் மிகுந்தால் மனிதர் தம் இயல்பை இழப்பர் என்றனர். ஒன்றையொன்று மறுத்தும் நிறைவுசெய்தும் இவ்விரு நெறிகளும் சீனச் சிந்தனையை வளர்த்தன.

ஒருவரது வரலாறு ஐயத்துக்குரியதாயின், அவர் பெயரால் வழங்கும் கருத்தும் பயனற்றதாகுமா? ஆகாது. மரபு கூறுவதையும் சான்று காட்டுவதையும் பிரித்தறிதல் வரலாற்றறிவு. சொன்னவர் யார் எனினும் கருத்தைக் கருத்தாகவே ஆராய்தல் மெய்யியலறிவு. லாவோட்சுவைக் கற்பவர்க்கு இவ்விரண்டும் வேண்டும்.

சொற்பொருள்
மெய்யியல் – தத்துவம்
நலிதல் – வலிமை குன்றுதல்
இயைந்து – பொருந்தி

சிந்தித்து விடை எழுதுக
1. 'லாவோட்சு' என்பது இயற்பெயர் அன்று என்பதை விளக்குக.
2. குவோதியென் சுவடிகள் 'தாவோ தே ஜிங்' நூலைப் பற்றி உணர்த்துவது யாது?
3. 'வூ வெய்' சோம்பலிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது? உம் அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.