பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க

பத்தாவது படிக்கிற என் தம்பி படம் பார்த்துத்தான் நொறுக்குத்தீனி வாங்குவான். முன்பக்கம் "மல்டிகிரெய்ன்" என்று பச்சையில் மின்னும். பின்பக்கம்? சேர்த்த பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போடணும் என்பது விதி. மைதா, பாமாயில், சர்க்கரை முதலில் வந்து, ஓட்ஸ் கடைசியில் நின்றால் அது பேருக்குத்தான்.

சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. போன லீவில் அவன் பாக்கெட்டுக்கே கணக்குப் போட்டோம்: 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம், அதாவது 2 கிராம் உப்பு. நாள் முழுக்கவே 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு எல்லை மீறினால் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை. குழந்தைகளைக் கவரும் கார்ட்டூனும் கூடாது. கெலாக்ஸ் புலியே பெட்டியை விட்டுப் போச்சு!

தம்பி பாக்கெட்டை மடிச்சு வெச்சான். மிச்சத்தை மறுநாள் சாப்பிட்டான், அது வேற கதை.